வேற லினக்ஸ் போட்டுரவா?

சொக்கு: முருகேசண்ணே, கம்ப்யூட்டர்ல பதியப் பாடுனா ஹெட்போன்ல என் குரல் எனக்கே லேட்டா வருது. இப்ப இருக்க உபுண்டு லினக்ஸத் தூக்கிட்டு வேற லினக்ஸ் போட்டுரவா?

மைக்செட் முருகேசு: பதியுற சாஃப்ட்வேர் ஆர்டர்ல பஃபர், அதான் ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்புற சத்தத் துணுக்கு, எவ்வளவு வச்சிருக்க?

சொக்கு: 1024.

முருகேசு: செகண்டுக்கு 48,000 துணுக்குங்குற ரேட்ல அது 21 மில்லிசெகண்ட். உள்ள போக ஒண்ணு, வெளிய வர ஒண்ணு, 40ஐத் தாண்டிருச்சு. லேட்டா வராம என்ன செய்யும்? 128 வை, பத்துக்குள்ள வந்துரும்.

சொக்கு: வீடியோவுல 16ன்னாங்க, வச்சேன். அப்பளம் நொறுங்குற மாதிரி சத்தம். அதான் வேற லினக்ஸ்...

முருகேசு: அதுக்குப் பேரு எக்ஸ்ரன். அடுத்த பஃபர் கேக்குறதுக்குள்ள சிபியூ வேலைய முடிக்கல. யாருக்கு எவ்வளவு உரிமைன்னு எழுதி வைக்குற லிமிட்ஸ்.டி ஃபோல்டர்ல ஆடியோ குரூப்புக்கு, வேலையில முந்திக்க ஆர்டிபிரியோ 95, மெமரியப் பிடிச்சு வச்சுக்க மெம்லாக் அன்லிமிட்டட்னு இருக்கா பாரு. நீயும் அந்த குரூப்ல இருக்கணும்.

சொக்கு: சேர்ந்துட்டேண்ணே. அதுலேருந்து, முழு அதிகாரத்தோட கட்டளை கொடுக்குற சூடோ வேலை செய்யல. ‘இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும்’னு வருது. புகார் யாருக்குண்ணே போகும்?

முருகேசு: மெஷினோட நிர்வாகிக்கு.

சொக்கு: ஐயையோ, அது யாரு?

முருகேசு: நீதான். குரூப்ல சேக்குற யூசர்மாட் கட்டளையில பெரிய ஜி-க்கு முன்னாடி சின்ன ஏ போட்டியா?

சொக்கு: ஒரு எழுத்துதானேன்னு விட்டுட்டேன்.

முருகேசு: அந்த ஏ இல்லாட்டி ஆடியோவுல சேர்த்துட்டு சூடோ உட்பட மத்த குரூப்லேருந்து கழட்டி விட்டுரும். ரெக்கவரி மோடுல ரூட்டா, அதான் முழு அதிகாரம் உள்ள ஆளாப் போயி, டிஸ்க்க எழுதுற மாதிரி ரீமவுண்ட் பண்ணி, சூடோ குரூப்ல உன்னைத் திரும்பச் சேரு.

சொக்கு: அதுக்கு வேற லினக்ஸே போட்டுரலாமே?

முருகேசு: சட்டைப் பட்டன் அந்து போனா வீட்டையா மாத்துவ?

(மறுநாள்)

சொக்கு: எல்லாம் சரியாச்சுண்ணே. பதிஞ்சதக் கேட்டா மண்டபத்துல பாடுன மாதிரி கணகணங்குது. ஓசி சாஃப்ட்வேர்ல, அம்புட்டுதான் போல.

முருகேசு: கிராக் போட்டது மக்கர் பண்ணா ‘கம்ப்யூட்டர் சரியில்ல’. இது மக்கர் பண்ணா ‘ஓசி, அதான்’. ஆர்டரையும், லினக்ஸுல சத்தத்தக் கடத்துற ஜாக்கையும் எழுத ஆரம்பிச்சது பால் டேவிஸ்னு ஒரே ஆளு. ஆர்டர் தளத்துல நேரா இன்ஸ்டால் பண்ண ரெடியாக் கட்டி வச்ச ஃபைலுக்கு அவரு காசு கேட்டா மட்டும் ‘லினக்ஸ் ஓசியில்லையா?’ன்னு நியாயம் பேசுவீங்க. எங்க உக்காந்து பாடுன?

சொக்கு: முற்றத்தச் சுத்தி இருக்க வளவுல.

முருகேசு: கீழ ஆத்தங்குடிக் கல்லு, சுத்தி முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைச்ச சுவரு. பட்ட சத்தம் அப்படியே திரும்பி வரும். உங்க ஐயா கட்டுன சுவத்துக்கு லினக்ஸ் என்னடா பண்ணும்? மெத்தை அடுக்கி வச்சிருக்க அறைக்குப் போ. மைக்க வாய்க்கு ஒரு சாண் தள்ளி வை, உன் முதுகுக்குப் பின்னாடி கனமா ஒரு ஜமக்காளம் தொங்க விடு.

சொக்கு: அந்த அறைச் சாவி அப்பத்தா இடுப்புல இருக்குண்ணே.

முருகேசு: அங்க சூடோ செல்லாது. நேர்ல போய்க் கேளு.