பட்டா நிலத்தில் முயல் வேட்டை பற்றி ஒரு திருத்தம்

மேலூர்ப் பக்கம் வேட்டை பழக விரும்பும் பையன்களுக்காக மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்: காப்புக்காட்டில்தான் தடை, பட்டா நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் முயல் பிடிக்கலாம் என்று. பலரும் இதைப் பகிர்வதால் சொல்கிறேன், அது சரியில்லைங்க.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, இடத்தைப் பார்த்துத் தடை போடவில்லை. விலங்கைப் பார்த்துப் போடுகிறது. வேட்டையாடக் கூடாத விலங்குகளை அந்தச் சட்டம் அட்டவணைகளில் பட்டியலிடுகிறது; காட்டு முயல் இப்போது 2-ஆம் அட்டவணையில் இருக்கிறது. அது கரட்டில் ஓடினாலும் உங்கள் கடலைக்காட்டில் ஓடினாலும் தடை ஒன்றுதான். நிலத்துக்காரர் தன் வரப்புக்குள் ஆளை விடலாம். வேட்டைக்கு அனுமதி தர அவருக்கு அதிகாரமில்லை. பயிரை அழிக்கும் விலங்கு என்றாலும், 11-ஆம் பிரிவின்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்தில் உத்தரவு தர வேண்டும்.

பழகப் போகும் பையன்கள் கவனிக்க வேண்டியது, எதெல்லாம் வேட்டை என்று சொல்லும் 2(16)-ஆம் பிரிவு. சுடுவது மட்டும் வேட்டை இல்லை. கண்ணி வைப்பது, பொறி வைப்பது, பிடிப்பதற்காக விரட்டுவது, அதற்கான முயற்சி, எல்லாமே வேட்டைதான். அதாவது பெரியவர் வலை கட்ட, புதரைத் தட்டி முயலைக் கிளப்பிவிடும் பையன் மேலும் வழக்கு வரும். 'சும்மா கூடப் போனேன்' என்பது அங்கே எடுபடாது. வீட்டில் கூண்டில் வளர்க்கும் வளர்ப்பு இன முயல் வேறு விஷயம்.

என் பேச்சை நம்ப வேண்டாம். அரசின் இந்தியா கோட் இணையதளத்தில் இந்தச் சட்டம் முழுசாக இருக்கிறது. 2022 திருத்தம் சேர்ந்த பிரதியா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பழைய பிரதிகளில் அட்டவணை மாறியிருக்கும். அப்புறமும் சந்தேகம் இருந்தால் மதுரை மாவட்ட வன அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.