யூதாசு மட்டும்தானா?

துரோகக் கதைகள் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் விவிலியத் துரோகம் என்றதும் இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாசோடு முடித்துக்கொண்டது குறை. 1973இல் வந்த 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' படத்தில் முதல் பாட்டே அவனுக்குத்தான். 1988இல் ஸ்கார்செசி எடுத்த 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிரைஸ்ட்' இன்னும் ஒரு படி மேலே போய், இயேசுவே கேட்டுக்கொண்டதால்தான் காட்டிக்கொடுத்தான் என்கிறது. எனக்கு இது கொஞ்சம் அதிகப்படி. வாங்கிய 30 வெள்ளிக்காசை ஆலயத்திலேயே வீசி எறிந்தான் என்று நற்செய்தியில் மத்தேயு எழுதியிருக்கிறாரே, ஒரு நடிகருக்கு அந்தத் தவிப்பு போதாதா?

எங்கள் தேவகோட்டைப் பக்கம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம் போட்டால் யூதாசைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள்கூடத் திட்டும். பெரியவர்கள் கண்ணைத் துடைப்பது சேவல் கூவி, இன்னொரு சீடரான பேதுரு அழும்போதுதான். காசு வாங்காமல், வெறும் பயத்தில் இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தவர் அவர். மேடையில் நடிக்க அதுதான் கஷ்டமான வேஷம் (நடித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்).

பழைய ஏற்பாட்டு யோசேப்பையும் விட்டுவிட்டீர்களே! அண்ணன்மாரே 20 வெள்ளிக்காசுக்குத் தம்பியை விற்ற கதை. பூர்வீக வீட்டில் பங்குக்காகப் பங்காளிகள் கோர்ட்டுப் படியேறுவதைப் பார்த்த காரைக்குடிக்காரர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். அடுத்த கட்டுரையில் அவரையும் எழுதுங்கள்.