கிராப்பா ஒயினைக் காய்ச்சி எடுப்பதா?

"இத்தாலியின் கிராப்பா என்பது ஒயினைக் காய்ச்சி எடுக்கும் பிராந்திதான்; கிராப்பா மலையில் பிறந்ததால் அந்தப் பெயர்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

பிராந்திக்குத்தான் ஒயின் வேண்டும். கிராப்பாவுக்கு வேண்டியது ஒயின் எடுத்தபின் மிஞ்சும் திராட்சைச் சக்கை: தோலும் விதையும். ஒயின் அடிவண்டலைக் கொஞ்சம் சேர்க்கலாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 100 கிலோ சக்கைக்கு 25 கிலோவுக்கு மேல் கூடாது. சக்கையை நேரடித் தீயில் வைத்தால் அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை வந்துவிடும். அதனால் நீராவியாலோ, வெந்நீர் சூழ்ந்த கொப்பரையிலோ பக்குவமாகக் காய்ச்சுகிறார்கள். முதலில் வருவது 'தலை', கடைசியில் வருவது 'வால்'. இரண்டையும் ஒதுக்கிவிட்டு நடுவில் வரும் 'இதய'த்தை மட்டும் எடுப்பார்கள். எங்கே வெட்டுவது என்பதில்தான் காய்ச்சுபவரின் கைப்பக்குவம் தெரியும். சக்கை சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் ஆல்ப்ஸ் அடிவாரத்துத் திரென்தினோவில், சாந்தா மசென்சா போன்ற சிற்றூர்களின் காய்ச்சும் குடும்பங்களுக்கு அறுவடை முடிந்த கையோடு வேலை தொடங்கிவிடும்.

சரி, பெயர்? சக்கையையும் காம்பையும் குறிக்கும் 'கிராஸ்பா' என்ற வட இத்தாலிய வட்டாரச் சொல்லிலிருந்து வந்தது. குழப்பத்துக்குக் காரணம் பசானோ தெல் கிராப்பா என்ற ஊர். 1779 முதல் நார்தீனி குடும்பம் அங்கே காய்ச்சிவருகிறது. ஆனால் அந்த ஊர்ப்பெயரில் மலை ஒட்டிக்கொண்டது 1928-இல்தான். அதுவரை அது பசானோ வேனெத்தோ.