ரோமர் 13, வெளிப்படுத்தல் 13

(ஞாயிறு ஆராதனை முடிந்துவிட்டது. பெரியம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். ஜெபசிங் ஒரு கட்டு நோட்டீஸுடன் வருகிறான். வேத அறிவில் இருவருக்குமே குறைவில்லை, பிரச்சினையே அதுதான்.)

ஜெபசிங்: பெரியம்மா, இந்த முறை உங்கள் ஓட்டு எங்கள் தலைவருக்குத்தான். அவர் கர்த்தரால் அபிஷேகம் பண்ணப்பட்டவர்.

பெரியம்மா: எண்ணெய் ஊற்றியது யார்?

ஜெபசிங்: போதகர்கள் எல்லாரும் ஒரே வாயாகச் சொல்கிறார்களே!

பெரியம்மா: ஆகாப் ராஜாவுக்கும் ஏறக்குறைய 400 தீர்க்கதரிசிகள் ஒரே வாயாகத்தான் சொன்னார்கள், போருக்குப் போ, ஜெயம் உனக்கே என்று. ஒருத்தன் இரும்புக் கொம்பே செய்து காட்டினான். மிகாயா மட்டும் வேறு மாதிரி சொன்னான். அவனுக்குக் கன்னத்தில் அறை, அப்புறம் சிறை. ராஜா திரும்பி வந்தது பிணமாக.

ஜெபசிங்: நல்ல நாளும் அதுவுமாகப் பிணம் எதற்கு? சரி, தலைவர் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பார். பாரசீக ராஜா கோரேஸ் மட்டும் என்ன, கர்த்தரை அறிந்தவனா? ஏசாயா 45-இல் அவனையே அபிஷேகம் பெற்றவன் என்று சொல்லவில்லையா?

பெரியம்மா: சொல்லியிருக்கிறது. அந்தக் கோரேஸ், எருசலேம் ஆலயத்திலிருந்து கொள்ளை போன பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தான். எஸ்றா முதல் அதிகாரத்தில் கணக்கே இருக்கிறது, பொன்னும் வெள்ளியுமாக 5,400. உன் தலைவர் போன தடவை சொன்னதில் எதை எண்ணி வைத்தார்?

ஜெபசிங்: ஆராதனைக்கு வந்தாரே.

பெரியம்மா: வந்தார். காணிக்கைப் பை பக்கத்தில் வந்ததும் போன் வந்தது, எழுந்து போய்விட்டார்.

ஜெபசிங்: அதிகாரத்தில் இருக்கிறவர்களைக் குறை சொல்லக்கூடாது பெரியம்மா. ரோமர் 13. எல்லா அதிகாரமும் தேவனால் உண்டானது.

பெரியம்மா: அப்படியானால் இப்போது ஆள்கிறவரும் தேவனால் உண்டானவர்தானே?

ஜெபசிங்: அவரா! அவர் வெளிப்படுத்தல் 13. கடலிலிருந்து ஏறி வந்த மிருகம்.

பெரியம்மா: ஓகோ. உன் ஆள் நாற்காலியில் உட்கார்ந்தால் ரோமர் 13, அடுத்தவன் உட்கார்ந்தால் வெளிப்படுத்தல் 13. நாற்காலி என்னவோ ஒன்றுதான்.

ஜெபசிங்: ரோமர் நிருபத்தை எழுதிய பவுல் அடங்கி இருக்கத்தானே சொன்னார்?

பெரியம்மா: பவுல் அதை எழுதியபோது ரோமை ஆண்டது கொடுங்கோலன் நீரோ. அவனுக்கும் வரி கட்டச் சொன்னார். கொடி கட்டச் சொன்னாரா? பிலிப்பி பட்டணத்தில் அதே பவுலை விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் ரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, ‘அதிகாரிகளே நேரில் வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும்’ என்று சொல்லிவிட்டார். வந்தார்கள், கெஞ்சினார்கள்.

ஜெபசிங்: அப்போ யாருக்கும் ஓட்டுப் போட வேண்டாம் என்கிறீர்களா?

பெரியம்மா: யார் சொன்னது? நியாயாதிபதிகள் புத்தகத்தில் யோதாம் சொன்ன கதையைப் படி. மரங்கள் ராஜா தேடிப் போயின. ஒலிவ மரம் முடியாது என்றது, அத்தி முடியாது என்றது, திராட்சையும் அப்படியே. கடைசியில் முட்செடி, ‘என் நிழலில் வந்து தங்குங்கள்’ என்றதாம். முட்செடிக்கு ஏதுடா நிழல்? ஓட்டு நான் கட்டாயம் போடுவேன். மோசேயின் மாமனார் யாத்திராகமம் 18-இல் அளவுகோலே கொடுத்திருக்கிறார். தெய்வ பயம், உண்மை, திறமை, பொருளாசையை வெறுக்கிற மனசு.

ஜெபசிங்: (நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து) திறமை இருக்கிறது.

பெரியம்மா: பொருளாசை?

ஜெபசிங்: அதை அவர் மச்சான் கவனித்துக்கொள்கிறார்.

(இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் துளி வெட்கம்கூட இல்லை. தொண்டன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.)

பெரியம்மா: சரி, நோட்டீஸைக் கொடு, படித்துப் பார்க்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை. ஆள்கிறவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லி 1 தீமோத்தேயு 2-இல் இருக்கிறது. இப்போது ஆள்கிறவருக்காக ஒரு சின்ன ஜெபம் பண்ணு.

ஜெபசிங்: அந்த ஆளுக்கா? ... சரி. (கண்களை மூடி) ஆண்டவரே, எங்களை ஆள்கிறவருக்கு நல்ல சுகத்தைத் தாரும். நல்ல ஓய்வைத் தாரும். நீண்ட ஓய்வைத் தாரும். அவருடைய நாட்கள் கொஞ்சமாவதாக, அவருடைய உத்தியோகத்தை வேறொருவர்...

பெரியம்மா: டேய், அது 109-ஆம் சங்கீதம்!

ஜெபசிங்: வசனம்தானே பெரியம்மா, ஆமென் சொல்லுங்கள்.

பெரியம்மா: விட்டால் அடுத்த வசனத்தில் அவர் பெண்டாட்டியை விதவையாக்கிவிடுவாய். முதலிலிருந்து ஆரம்பி.