பந்து தேட வேண்டாம் என்ற மருத்துவர்

இலங்கையின் மலையகத்தில் உள்ள நுவரெலியா கோல்ஃப் மைதானம் 1889இல் தொடங்கியது. அங்கே என் அப்பா சிறுவயதில் கேடியாக இருந்தார். சினிமாவில் வரும் கேடி அல்ல. ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமப்பவர். கூலியைவிட, புதருக்குள் தொலைந்த பந்தைத் தேடிக் கொடுத்தால் கிடைக்கும் சில்லறைதான் அவருக்குப் பெரிது.

அதனால்தான் கோல்ஃப் மைதானங்களை வடிவமைத்த அலிஸ்டர் மெக்கென்சியைப் பற்றி வாசித்தபோது சிரித்துவிட்டேன். நல்ல கோல்ஃப் மைதானத்துக்கு 1920இல் அவர் 13 விதிகள் வகுத்தார். தொலைந்த பந்தைத் தேடும் எரிச்சல் அறவே இருக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. அப்பாவின் பிழைப்பில் மண்!

மெக்கென்சி 1870இல் இங்கிலாந்தில் பிறந்தவர், படித்தது மருத்துவம். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷார் போயர்களோடு நடத்திய போயர் போருக்கு மருத்துவராகப் போன இடத்தில், போயர்கள் பதுங்குகுழிகளை நிலத்தோடு நிலமாக மறைத்த விதம் அவர் மனத்தில் தங்கிவிட்டது. பின்னாளில் மைதானம் அமைக்க வந்தபோதும் அதே வித்தைதான். மனிதன் வெட்டிய மேடும் பள்ளமும் ஆதியிலிருந்தே அங்கே கிடந்தவைபோல் தெரிய வேண்டும் என்பார். அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தை கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து வடிவமைத்தார். அங்கே முதல் பெரும் போட்டி 1934 மார்ச்சில் நடந்தது. அவரோ ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

என்னை உறுத்தியது வேறு இரண்டு விதிகள். நிலம் ஏறி இறங்கலாம், ஆனால் ஆடுபவர் மலையேறக்கூடாது. வலுவில்லாதவரும் சுற்றிப் போக ஒரு வழி இருக்க வேண்டும். பந்தை ஒருமுறை கூடுதலாக அடிக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

தேயிலைக் கொழுந்துக் கூடையோடு அம்மா ஏறிய மலைக்கு இப்படி யார் யோசித்தார்கள்? வெள்ளைக்காரத் துரைமார் காலத்து லயன்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், எத்தனையோ சரிவின் அடியில்தான் நிற்கின்றன. எட்டடிக் காம்பரா என்ற அறை, இஸ்தோப்பு என்ற ஒரு திண்ணை. தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று கான் (வடிகால்) வெட்டும் ஆளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியது.

பணக்காரர் விளையாட்டைப் புகழ்கிறாயா என்று சிலர் கேட்பார்கள். ஆம், புகழ்கிறேன். நிலத்தின் போக்கை அறிந்து கோடு போடும் அறிவு அன்றே இருந்தது. பந்துக்குக் கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் கோபம்.

இப்போது லயனுக்குப் பதில் காணியோடு தனிவீடு என்கிறார்கள். எங்கள் தோட்டத்தை அளக்க ஒரு வெயில் நாளில் வந்தார்கள். “சேர், மழைக்காலத்தில் இங்கே ஊற்றெடுக்கும்” என்றார் அப்பா. தலையாட்டினார்கள். வீட்டுக்கு அவர்கள் அடித்த முளைக்கம்பு அதே இடத்தில்தான் நிற்கிறது.