சனிக்கிழமை சாயங்காலம் தெரிகிற விசுவாசம்

தொழிலாளியின் வாரச் சம்பளத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு, அந்தப் பணத்திலிருந்து கன்வென்ஷன் என்கிற சபைக் கூட்டத்துக்குக் காணிக்கை எழுதிக் கொடுக்கிறவருடைய விசுவாசத்தை என்னால் விசுவாசம் என்று ஒத்துக்கொள்ள முடியாது. இதைச் சொன்னால் சபையில் சிலருக்கு வருத்தம் வரும். வரட்டும். வெகு நாளாக மனதில் கிடப்பதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிற பெண். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே வேலைதான். சனிக்கிழமை என்றால் இந்த ஊருக்கு என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே பெரும்பாலான தையல் யூனிட்டுகளில் வாரச் சம்பளம்தான். டெய்லர், அவருக்குக் கூட நின்று உதவுகிற கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று எல்லோருக்கும் அந்த வாரம் பார்த்த ஷிப்டுக்கோ தைத்த பீசுக்கோ கணக்கு முடித்து, சனிக்கிழமை சாயங்காலம் கையில் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு ராத்திரி மளிகைக் கடையில் நிற்க இடம் இருக்காது. மறுநாள் காலையில் கறிக்கடையிலும் அப்படித்தான். வீட்டு வாடகை, சீட்டு, குழுக்கடன் தவணை எல்லாம் அந்த ஒரு கவரை நம்பித்தான் நிற்கின்றன.

ஆனால் முதலாளிக்குப் பணம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வராது. சரக்கு தைத்து முடிந்து, கப்பல் ஏறி, அதை வாங்குகிற வெளிநாட்டு பையர் பணம் அனுப்பி, அது எக்ஸ்போர்ட்டர் கைக்கு வந்து, அவர் தனக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்த ஜாப் ஒர்க்காரருக்குக் கொடுப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அளவில் சின்னப் பிசகு இருந்தாலும் டெபிட் போட்டு, தர வேண்டிய பணத்தில் பிடித்துவிடுவார்கள். போக வேண்டிய பணம் வாரா வாரம் போக, வர வேண்டிய பணம் எப்போது வரும் என்று தெரியாத அந்த இடைவெளி இருக்கிறதே, எங்கள் தொழிலில் நான் பார்த்த தப்பு அத்தனையும் அங்கேதான் பிறந்திருக்கிறது. தொழிலாளியிடம் பிடித்த பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டாமல் நூல்காரருக்குக் கொடுத்துவிடுவார்கள். பையர் ஆடிட்டுக்கு ஒரு வருகைப் பதிவேடு, நிஜச் சம்பளத்துக்கு இன்னொரு நோட்டு. 'பணம் போட்டாச்சுங்க, பேங்க்லதான் லேட்' என்று போனில் ஒரு பொய்.

இதையெல்லாம் செய்கிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அநேகம் பேர் நல்லவர்கள். பயந்து போனவர்கள். இந்த வாரம் நேர்மையாக நடந்துகொண்டால் அடுத்த வாரம் கம்பெனி இருக்குமா என்கிற பயம். கர்த்தரை நம்புகிறேன் என்று சொல்வதற்கு ஏதாவது அர்த்தம் இருந்தால் அது இந்தப் பயத்துக்கு நேராகத்தான் இருக்க வேண்டும். பயம் இருக்கும்போதே சரியானதைச் செய்துவிட்டு, மிச்சத்தை அவர் கையில் விட்டுவிடுவது. ஞாயிற்றுக்கிழமை கண்ணீரோடு பாடுவது பெரிய காரியமே இல்லை. எனக்கும் பாட்டுக் கேட்டால் கண் கலங்கும்.

மலைப்பிரசங்கத்தில் ஆகாயத்துப் பட்சிகளையும் காட்டுப் புஷ்பங்களையும் பற்றி இயேசு சொன்ன பகுதியை நம் சபைகளில் யாருக்குப் பிரசங்கிக்கிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? இல்லாதவர்களுக்கு. வேலை போனவருக்கு, மகள் கல்யாணத்துக்குப் பணம் இல்லாதவருக்கு. 'கவலைப்படாதீங்க பிரதர், கர்த்தர் போஷிப்பார்.' சரி, அவர்களுக்கும் அது ஆறுதல்தான். ஆனால் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் அதற்கு நேர் முன்னால் இருப்பது, தேவனுக்கும் பணத்துக்கும் ஒரே நேரத்தில் ஊழியம் செய்ய முடியாது என்கிற வசனம். அதைச் சொல்லிவிட்டுத்தான் நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்கிறார். என்னைக் கேட்டால் அந்தப் பகுதியை முதலில் படிக்க வேண்டியவர்கள் கையில் பணம் வைத்துக்கொண்டு நாளைக்கு என்ன ஆகுமோ என்று பிறர் கூலியைப் பிடித்து வைக்கிறவர்கள்தான்.

பைபிளில் உபாகமம் 24-ஆம் அதிகாரம் இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது. கூலிக்காரனுடைய கூலியை அன்றன்றைக்கே, பொழுது போவதற்கு முன்னே கொடுத்துவிட வேண்டும். அவன் ஏழை, அதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான். கணக்கு எழுதுகிறவள் என்பதால் எனக்கு இன்னொன்றும் கூடவே ஞாபகம் வரும். குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால், பணத்தைக் கொடுக்கிற வருஷத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்று 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டமும் கூடச் சேர்ந்துகொண்டது. அப்புறம்தான் பல இடங்களில் பில்கள் நகர ஆரம்பித்தன. வருமான வரிக்குப் பயந்து நகர்ந்த பேனா, உபாகமத்துக்கு ஏன் நகரவில்லை என்று எனக்கு வேதனையாக இருந்தது.

என் அப்பா சோமனூர்ப் பக்கம் கூலி நெசவுக்கு விசைத்தறி ஓட்டியவர். பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார், இவர் துணியாக்கிக் கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்க வேண்டும். அந்தக் கூலியை உயர்த்தக் கேட்டு அந்தப் பக்கம் அடிக்கடி வேலைநிறுத்தம் நடக்கும், தறிச் சத்தம் ஓய்ந்து ஊரே வெறிச்சோடிப் போகும். அப்படி ஒரு சமயம், எங்கள் தறியில் வேலை பார்த்தவர்களுக்கு அதுவரைக்குமான கூலி பாக்கி. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தார். 'ஏனுங்க, நமக்கே அரிசி இல்லாதப்ப இது எதுக்குங்க?' என்று அம்மா கேட்டதற்கு, 'அது அவங்க பணம் புள்ள. நம்ம கையில இருக்குது, அவ்வளவுதான்' என்றார்.

இந்தக் கதையைச் சபையில் சாட்சியாகச் சொன்னால் அடுத்து என்ன எதிர்பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நகை மீண்டது, தறி பெருகியது, கர்த்தர் இரட்டிப்பாகத் தந்தார் என்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. நகை மூழ்கிப் போனது. சில வருஷத்தில் தறிகளையும் பழைய இரும்புக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டு அப்பா ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். தினமும் காலையில் 23-ஆம் சங்கீதத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். 'நான் தாழ்ச்சியடையேன்' என்று அவர் சொன்னது பொய்யா? சத்தியமாகப் பொய் இல்லை. அவர் யாரையும் கண்டு ஒளிந்துகொண்டது கிடையாது. அவர் செத்தபோது அவரிடம் வேலை பார்த்தவர்கள்தான் முதல் ஆட்களாக வந்து நின்றார்கள். இரட்டிப்பாகத் திரும்ப வந்தால்தான் ஆசீர்வாதம் என்று சொல்லிக் கொடுத்தால் என் அப்பாவைப் போன்றவர்களைக் கர்த்தர் கைவிட்டார் என்றல்லவா ஆகிறது? அந்தப் பிரசங்கத்தை நான் ஏற்கவே மாட்டேன்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'விசுவாசத்தில் எடுத்தேன்' என்று சொல்லித் தன் சக்திக்கு மீறி ஆர்டர் எடுக்கிறவர்கள், விசுவாசத்தில் மிஷின் வாங்கினேன் என்று ஃபைனான்சில் தலை வரைக்கும் முழுகுகிறவர்கள். ஜெபித்துவிட்டுச் செய்தேன் என்பார்கள். நஷ்டம் வந்தால் அதைச் சுமப்பது யார்? சம்பளம் வராத டெய்லர். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று பிசாசும் இயேசுவிடம் வசனம் காட்டித்தான் பேசினான். கர்த்தரைப் பரீட்சை பார்க்காதே என்று இயேசு மறுத்துவிட்டார். அடுத்தவர் வயிற்றைப் பணயம் வைத்து நாம் குதிப்பதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்கக் கூடாது.

நாம் எதற்காக ஜெபிக்கிறோம் என்பதிலும் இதே சிக்கல் வருகிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஊரே ஸ்தம்பித்துவிட்டது. சாயம் இல்லாமல் துணி இல்லை, துணி இல்லாமல் தையல் இல்லை. பட்டறைகள் திறக்க வேண்டும் என்று உபவாச ஜெபம் வைத்தோம். நானும் உட்கார்ந்தேன், உண்மையாகவே ஜெபித்தேன். ஆனால் அந்த வழக்கைக் கொண்டுபோனவர்கள் நொய்யலின் கீழ்ப்பகுதி விவசாயிகள். வெள்ளியங்கிரி மலையிலிருந்து வருகிற ஆறு எங்கள் ஊரைத் தாண்டும்போது சாயத்தையும் உப்பையும் சுமந்துகொண்டு போனது. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை கழிவைத் தேக்கி வைக்கிற குளமாகிப் போனது. கிணறு கெட்டு, தென்னை காய்ந்து, மாடு குடிக்கத் தண்ணீர் இல்லாமல் அங்கேயும் மக்கள் தெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்காக எங்கள் ஜெபத்தில் ஒரு வரி இருந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கழிவுநீரைச் சுத்திகரித்து உப்பையும் தண்ணீரையும் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்துகிற ஏற்பாடு வந்த பிறகுதான் பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. செலவு கூடியது, தொழில் நின்றுவிடவில்லை. கர்த்தர் ஜெபத்தைக் கேட்டார் என்று சாட்சி சொன்னோம். அவர் யாருடைய ஜெபத்தைக் கேட்டார் என்று யோசித்தால் நல்லது.

போன வருஷம், 2025 ஆகஸ்ட் கடைசியில், அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர்கள் அப்படியே நின்றுபோயின. நான் கணக்குப் பார்க்கிற ஒரு யூனிட்டில் முதலாளி எல்லோரையும் கூட்டி வைத்து, இருக்கிற வேலை இவ்வளவுதான், ஷிப்ட் குறையும், ஆனால் பார்த்த வேலைக்குச் சனிக்கிழமை காசு தவறாது, வேறு இடம் கிடைத்தால் தாராளமாகப் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். சொன்னபடியே கொடுத்தார். அவர் கிறிஸ்தவர் கிடையாது. சிவன்மலை முருகனுக்கு மாலை போடுகிறவர். மலைப்பிரசங்கத்தை வாசிக்காதவர் அதன்படி நடந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது, எங்களைப் பற்றி யோசிக்கவும் வைத்தது.

1830-இல் லண்டன் மிஷன் சார்பாகக் கோவைக்கு வந்த ஆடிஸ் பாதிரியார் பள்ளிக்கூடங்கள் நடத்தினார். ஈரோட்டில் பிரப் ரோடு என்கிறோமே, அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிஷனரி பிரப்பின் பெயர். அங்கே மிஷன் ஆஸ்பத்திரியும் எழும்பியது. நம் பாட்டன் பூட்டன்மார் பிரசங்கத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடவில்லை. எழுத்துக் கற்றுக்கொடுத்த கையையும் மருந்து கொடுத்த கையையும் பார்த்துத்தான் நம்பினார்கள். இன்றைக்கு நம்மைப் பார்க்கிறவர்களும் கையைத்தான் பார்ப்பார்கள்.

விளைச்சலுக்காகச் சபையில் நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகை வரும்போதெல்லாம் வாழைத்தாரும் பூசணிக்காயும் கோழியும் ஏலம் போகிற சந்தோஷத்தில் நானும் இருப்பேன், எனக்கு அது ரொம்பப் பிடித்த பண்டிகை. அந்த நாளில் யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தை யாராவது பிரசங்கித்தால் நன்றாக இருக்கும். வயலை அறுத்தவர்களிடமிருந்து பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கர்த்தருடைய காதில் விழுந்துவிட்டது என்று அதில் இருக்கிறது. எங்கள் சபைப் போதகர் ஐயரவர்களிடம் கேட்டிருக்கிறேன். இந்த வருஷம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

இன்னொன்றையும் கேட்கப் போகிறேன். எங்கள் ஆராதனையில் கடைசி பெஞ்சுகளில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து மில்லில் வேலை பார்க்கிற பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். தமிழ் பாதி புரியும், எழுத்து புரியாது. 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது நடுங்கிப் போய்க் கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் அவர்களோடு உட்கார்ந்து சம்பளச் சீட்டை வாசித்துக் காட்டுவது என் வழக்கம். ஷிப்ட் எத்தனை, ஹாஸ்டலுக்குப் பிடித்தது எவ்வளவு, ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்கு எவ்வளவு. ஒரு பிள்ளை, 'அக்கா, இதுல என் பேரே தப்பா இருக்கு' என்று காட்டினாள். பெயர் தப்பாக இருந்தால் நாளைக்கு பி.எஃப். எடுக்க முடியாது, அதைத் திருத்த இரண்டு மாதம் அலைந்தோம். ஜெபக்குறிப்பு கேட்கிற நேரத்தில் சம்பளச் சீட்டில் ஏதாவது சிக்கல் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

உங்கள் சபையிலும் கணக்குத் தெரிந்தவர் யாராவது இருப்பார், அவரிடம் பேசிப் பாருங்கள். அரை மணி நேரம் போதும். சம்பளச் சீட்டில் யு.ஏ.என். என்கிற பி.எஃப். கணக்கு எண் இருக்கும், அது செயல்பாட்டில் இருந்தால் போனில் பாஸ்புக்கைத் திறந்து, பிடித்த பணம் மாதா மாதம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஏறவில்லை என்றால், கம்பெனி முதலாளி அதே சபையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவராக இருந்தாலும், அவரிடம் போய் மரியாதையாகக் கேளுங்கள்.