பன்னெண்டு படத்துல பதினொண்ணு போன் பாத்து வரைஞ்சது

போன வாரம் எங்க சொந்தத்துல ஒரு அக்கா வாட்ஸ்அப்ல வரிசையா பன்னெண்டு போட்டோ அனுப்பிவிட்டாங்க. பொண்ணு வரைஞ்ச படங்க. கலைகளுக்குன்னே இருக்குற ஹைஸ்கூல்ல விஷுவல் ஆர்ட்டுக்கு அப்ளை பண்ணப் போறாளாம், நான் அந்த மாதிரி ஒரு ஸ்கூல்ல நாலு வருஷம் கரியும் களிமண்ணுமா கிடந்தவங்கிறதால "பாத்துட்டு சீட் கிடைக்குமான்னு மட்டும் சொல்லுடி"ன்னு கேட்டாங்க. மட்டும்னா எப்படிக்கா. பதில் டைப் பண்ண ஆரம்பிச்சா நீண்டுகிட்டே போச்சு, அதான் இங்க கொண்டுவந்து கொட்டுறேன்.

பன்னெண்டுல பதினொண்ணு போன் ஸ்கிரீனைப் பாத்து வரைஞ்சது. ஒரு நடிகை முகம், அழுற கண்ணு, கண்ணீர்த் துளிக்குள்ள குட்டியா ஒரு வெளிச்சப் புள்ளி, புலி, திரும்பவும் கண்ணு. ஷேடிங் எல்லாம் வழவழன்னு தேய்ச்சு வச்சிருக்கா, ஒரு கோடு கூட தெரியல. கை சுத்தம், பொறுமை இருக்கு, குறை சொல்ல மாட்டேன். ஏன்னா நானும் இதே பதினோரு படத்தைத் தூக்கிட்டுத்தான் உள்ள போனேன். எங்க பழைய ஸ்கூல்ல "படம் வரையுற பொண்ணு"ன்னா அது நான்தான். உள்ள போனா கிளாஸ்ல இருக்குற இருபது பேரும் அவங்கவங்க ஸ்கூல்ல அதே பொண்ணு, அதே பையன்.

முதல் வாரமே மண்டையில ஒரு கொட்டு. ஒரு சாதா மர நாற்காலியைத் தூக்கி மேஜை மேல கோணலா சாய்ச்சு வச்சிட்டு, மூணு மணி நேரம் டைம், வரைங்கன்னுட்டாங்க. நாற்காலிதானேன்னு நினைச்சேன். ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா நாலு காலும் ஒரே நீளத்துல, உக்கார்ற பலகை மேல இருந்து பாக்குற மாதிரி சதுரமா, சின்னப் புள்ளைங்க வரையுற நாற்காலி. எனக்குத் "தெரிஞ்ச" நாற்காலியை வரைஞ்சிருக்கேன், எதிர்ல இருந்ததை இல்ல. டீச்சர் பின்னாடி வந்து நின்னு பாத்துட்டு, "நாற்காலியை விடு. காலுக்கு நடுவுல இருக்குற காத்தை வரை"ன்னாங்க. என்னடா இதுன்னு இருந்துச்சு. ஆனா நிஜமாவே அந்த இடைவெளிங்களை மட்டும் பாக்க ஆரம்பிச்சா ஒண்ணு ஒல்லியா முக்கோணம், இன்னொண்ணு நசுங்கின நாலுமூலை, அதுக்கெல்லாம் நமக்குப் பேரும் தெரியாது, முன்ன வரைஞ்ச பழக்கமும் கிடையாது, அதனால வேற வழியே இல்லாம கண்ணால பாத்துத்தான் வரையணும். வரைஞ்சு முடிச்சு நிமிந்தா நாற்காலி தானா வந்து உக்காந்திருக்கு. நெகட்டிவ் ஸ்பேஸ்னு இதுக்குப் பேரு. பேரு அப்புறம்தான் தெரிஞ்சுது.

போட்டோ பாத்து வரையுறதுல எனக்கு இருக்குற தகராறு இதுதான். கஷ்டமான வேலையை கேமரா ஏற்கனவே முடிச்சிடுச்சு. ஆழமா இருந்த உலகத்தைத் தட்டையாக்கி, ஒத்தக் கண்ணால பாத்து, எங்க வெட்டணும்னு முடிவு பண்ணி, வெளிச்சத்தை ஒரு நொடியில நிறுத்திக் கையில குடுத்துடுது. நேர்ல பாத்து வரையும்போது உங்களுக்கு ரெண்டு கண்ணு, தலை கொஞ்சம் அசைஞ்சாலே எல்லாம் நகந்துடும், ஜன்னல் வெளிச்சம்னா பத்து மணிக்குப் போட்ட நிழல் பதினொண்ணுக்கு அங்க இருக்காது. ஒவ்வொண்ணுக்கும் நீங்கதான் முடிவெடுக்கணும். அதுக்குத்தான் கையை நேரா நீட்டி ஒரு கண்ணை மூடிக்கிட்டு பென்சிலால அளந்து பாக்குறது. சினிமாவுல ஓவியர்னா ஸ்டைலுக்குப் பண்ணுவாங்களே, அது ஸ்டைல் இல்லைங்க, ஸ்கேல்.

நியூயார்க்ல லாகார்டியா ஹைஸ்கூல்னு ஒண்ணு இருக்கு. 1936ல அந்த ஊர் மேயர் லாகார்டியா ஆரம்பிச்ச பள்ளிதான் இதுக்கு வேர், பின்னாடி நடிப்பு, நடனம் சொல்லிக்குடுத்த இன்னொரு பள்ளியோட சேத்து 1984ல லிங்கன் சென்டர் பக்கத்துல ஒரே கட்டடத்துக்கு வந்துச்சு. அங்க விஷுவல் ஆர்ட்டுக்கு ரொம்ப வருஷம் போர்ட்ஃபோலியோவோட, அதாவது நாம வரைஞ்சதுல பொறுக்கித் தொகுத்த படங்களோட, சேத்து எதிர்ல ஆளை வச்சு ஒரு படம், ஞாபகத்துல இருந்து ஒண்ணு, கற்பனையில இருந்து கலர்ல ஒண்ணுன்னு வரையச் சொல்லித்தான் எடுத்தாங்க. மூணுலயும் போன் கிடையாது பாத்தீங்களா. அழுற கண்ணை மட்டும் பழகின புள்ளைங்க அங்க முழிக்கும். நான் முழிச்சிருப்பேன்.

சரி, உள்ள போனப்புறம் என்ன நடக்கும். நியூஸ்பிரிண்ட் பேப்பர்ல கரித்துண்டு வச்சு முப்பது செகண்டுக்கு ஒரு உடம்பு. கால் எங்க, எடை எந்தப் பக்கம் விழுது, அவ்வளவுதான் டைம். ஒரு வகுப்புல நாப்பது தாள் போகும், நாப்பதும் குப்பைக்கு. வீட்ல ஒவ்வொரு படத்துலயும் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு ஃபைல் பண்ணி வச்ச பொண்ணுக்கு இது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நான் மூணு தாளைப் பையில மறைச்சு எடுத்துட்டுப் போயிருக்கேன். இப்ப அதைப் பாத்தா மூணும் மொக்கை.

ஆனா இந்த மாதிரி ஸ்கூல்ல நிஜமா கிடைக்குற சொத்து எதுன்னு கேட்டா நான் கிரிட்டீக்னுதான் சொல்லுவேன். எல்லார் படத்தையும் சுவத்துல குத்தி வச்சிட்டு எல்லாரும் பேசுவாங்க, வரைஞ்சவ முதல் பத்து நிமிஷம் வாயே திறக்கக் கூடாது. "நல்லா இருக்கு"ன்னு சொல்லக் கூடாது. என்ன தெரியுது, கண்ணு முதல்ல எங்க போகுது, அதைச் சொல்லணும். ரெண்டாவது வருஷம் தனிமை, ஏக்கம்னெல்லாம் பெரிசா நினைச்சுக்கிட்டு ஆறு பெயின்டிங் பண்ணி மாட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் ஒருத்தி மெதுவா, "ஆறு படத்துலயும் கையைக் காணோமே"ன்னா. ஒண்ணுல பாக்கெட்டுக்குள்ள, ஒண்ணுல மேஜைக்குக் கீழ, ஒண்ணுல போர்வைக்குள்ள. எனக்குக் கை வரைய வராது. அதை யாருக்கும் தெரியாம ரெண்டு வருஷமா ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன், அது எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. காது சூடாகி அழுகையே வந்துடுச்சு. அடுத்த ஒரு மாசம் தினமும் என் இடது கையையே வரைஞ்சேன், மடக்கி, விரிச்சு, கத்திரிக்கோல் புடிச்சு. இன்னிக்கும் கட்டைவிரல் வேர்ல கொஞ்சம் சொதப்புவேன், ஆனா ஒளிக்க மாட்டேன்.

கலர் பத்தி சொல்லலேன்னா மனசு கேக்காது. முதல் மாசம் பெயின்ட்டையே தொட விடல, கலர் பேப்பரை வெட்டி ஒட்டச் சொன்னாங்க. ஒரே பேப்பர்ல இருந்து வெட்டின ரெண்டு துண்டு, ஒண்ணை மஞ்சள் மேல வை, ஒண்ணை கருநீலத்து மேல வை, ரெண்டும் வேற வேற கலராத் தெரியுற வரைக்கும் பின்புலத்தை மாத்திக்கிட்டே இரு. ஜோசப் ஆல்பர்ஸ் நடத்துன பாடம் இது. ஜெர்மனியில பௌஹவுஸ்ங்கிற கலைப் பள்ளியில வாத்தியாரா இருந்தவரு, 1933ல நாஜிங்க நெருக்கடியில அது மூடினதும் அமெரிக்கா போய் முதல்ல பிளாக் மவுண்டன் காலேஜ்லயும் பின்னாடி யேல் யுனிவர்சிட்டிலயும் பேப்பரை வச்சே கண்ணைப் பழக்கிவிட்டவரு. இதுக்கும் நூறு வருஷம் முன்னாடியே பாரிஸ் பக்கம் ஒரு கூத்து நடந்திருக்கு. கோபெலின்ஸ்னு திரைச்சீலை நெய்யுற அரசு ஆலையில கருப்புச் சாயம் மங்கலா இருக்குன்னு ஒரே புகார். சாயப் பகுதிக்குப் பொறுப்பா இருந்த செவ்ரல்ங்கிற வேதியியல்காரர் சாயத்தைச் சோதிச்சுப் பாத்தா சாயத்துல ஒரு கோளாறும் இல்ல, பக்கத்துல இருந்த நூலோட கலர்தான் கருப்பைக் கெடுத்திருக்கு. அதை 1839ல பெரிய புத்தகமாவே எழுதிட்டாரு. என் சாயம் நல்லாத்தான் இருக்கு, பக்கத்துல இருக்குறவங்கதான் சரியில்லன்னு நாங்க ஹாஸ்டல் சண்டைக்கெல்லாம் இவரைத்தான் இழுப்போம்.

களிமண் கதை சுருக்கமா. ஈரம் முழுசா காயாம சூளையில வச்சா உள்ள இருக்குற தண்ணி ஆவியாகி வெளிய வர வழியில்லாம பொருளே வெடிச்சிடும், பக்கத்துல இருக்குறதையும் சேத்துக் காலி பண்ணிடும். அவசரத்துல நான் வச்ச ஒரு தலையால மூணு பேர் கிண்ணம் போச்சு. அதுல ஒருத்தி இப்பவும் மெசேஜ்க்கு ரிப்ளை பண்றதில்ல.

பிடிக்காததையும் சொல்லிடுறேன். கடைசி வருஷம் எல்லாமே போர்ட்ஃபோலியோ. அமெரிக்காவுல ஏபின்னு, ஹைஸ்கூல்லயே படிக்குற காலேஜ் லெவல் பாடம் இருக்கு, அதுல ஆர்ட்டுக்குப் பரீட்சை ஹால் கிடையாது, ஒரே கேள்வியை விடாம துரத்துன மாதிரி 15 படங்கள், அதோட தேர்ந்தெடுத்த 5 வேலைகள், எழுத்துல விளக்கம், இதைப் பாத்து 1ல இருந்து 5 வரைக்கும் மார்க். யோசனையா நல்ல யோசனை. ஆனா எங்க ஸ்கூல்ல நடந்தது என்னன்னா, எந்தத் தீம் மார்க் வாங்குதுன்னு பழைய பேட்ச் பசங்ககிட்ட கேட்டு "அடையாளம்"னு வகுப்புல பாதிப் பேர் எடுத்தாங்க, கண்ணாடி உடைஞ்ச மாதிரி முகத்தைத் துண்டு துண்டா வரைஞ்சாங்க. கேள்வியைக் கடைசியா எழுதினோம், பதிலை முதல்லயே வரைஞ்சுட்டோம். நானும்தான், பெருமையா எல்லாம் சொல்லல.

அக்காவோட இன்னொரு கவலை, மத்த படிப்பு போயிடுமான்னு. போகாது, கணக்கு அறிவியல் எல்லாம் முழுசா உண்டு, அதுக்கு மேல ஸ்டுடியோ. சிங்கப்பூர்ல 2008ல ஆரம்பிச்ச சோட்டா (SOTA)ங்கிற கலைப் பள்ளியில கூட ஆறு வருஷ முடிவுல ஐபி (IB)ங்கிற சர்வதேசப் படிப்புதான். போறது தூக்கமும் சாயங்காலமும். நான் இப்ப பாக்குறது அக்கவுண்ட்ஸ் வேலை, அப்ப எதுக்குப் படிச்சேன்னு கேக்குறவங்க கேட்டுக்கிட்டே இருக்கலாம், பிசிக்ஸ் படிச்சவங்களை யாரும் இப்படிக் கேக்குறதில்ல.

பன்னெண்டாவது படம். கணக்கு நோட்டோட கடைசிப் பக்கம், நீல பால்பாயிண்ட். முன் பெஞ்சுல இருக்குற ஒரு பொண்ணோட முதுகு, பாதி அவுந்த ஜடை, கழுத்துப் பட்டை ஒரு பக்கம் மடிஞ்சிருக்கு. தோள்பட்டையை மூணு தடவை போட்டுத் திருத்தியிருக்கா, மூணு கோடும் அப்படியே நிக்குது, அந்தப் பொண்ணு அசைஞ்சிருக்கா, இவ விடாம துரத்தியிருக்கா. இதை முதல்ல வைக்கச் சொல்லுங்க, இந்த மாதிரி வேற இருந்தா அத்தனையும் அனுப்புங்கன்னு வாய்ஸ் நோட் போட்டேன். "அதுவா, அது தெரியாம சேந்து வந்துடுச்சுடி, வெறும் கிறுக்கல்"ன்னாங்க.

நோட்டு போன வருஷத்தோடதாம். தேடிப் பாக்குறேன்னு சொல்லியிருக்காங்க.